இழுக்கிறதா, தள்ளுறதா? சின்ன பூரோ சேர்வருக்கு ஒரு பேக்கப் பாடம்

இந்த முறை எபிசோடில் பேக்கப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, கடைசிப் பத்து நிமிஷத்தில் எல்லாத்தையும் அவசரமா அடுக்கிப்போட்டு முடிச்சிட்டம். கணக்கும் செட்டிங்கும் காதால் கேட்டு விளங்குற விஷயமும் இல்லை. அதால மிச்சத்தை எழுத்தில் தாறேன். உங்களில் கனபேர் அப்பாவின்ர கடைக்கோ, மாமியின்ர ஃப்ளேகெடீன்ஸ்டுக்கோ "எங்கட ஐடி ஆள்" என்ற பதவியில் சம்பளம் இல்லாமல் இருக்கிறீங்கள் என்று தெரியும். இது முக்கியமா உங்களுக்குத்தான்.

எபிசோடில் சொல்லாமல் விட்ட கதையிலிருந்தே தொடங்கிறேன். சொல்ல வெட்கமா இருந்ததால்தான் விட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, காலை 8:10. ரூர் பகுதியில் ஐந்து பேர் வேலை செய்யிற ஒரு மொழிபெயர்ப்பு பூரோவிலிருந்து ஃபோன். நடத்துறவர் எனக்கு அண்ணை மாதிரி.

"தம்பி, ஒரு ஃபைலும் காணேல்ல. ஃபோல்டர் திறக்குது, உள்ளுக்க ஒண்டும் இல்லை."

"பயப்பிடாதேங்கோ அண்ணை, பேக்கப் இருக்கு. அக்காவின்ர மெஷினில பாருங்கோ."

கொஞ்ச நேரம் மௌஸ் கிளிக் சத்தம் மட்டும் கேட்டுது. பிறகு, "அங்கயும் இல்லைத் தம்பி."

அந்த பூரோ செய்யிறது சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, மரணப் பத்திரம், பொலிஸ் அறிக்கை. கனக்க வன்னியிலிருந்து வந்த கடதாசிகள். அதில் சில பேருக்கு சேர்வரில் கிடந்த ஸ்கேன்தான் மிஞ்சின ஒரே பிரதி. ஒரிஜினல் 2009-இல் இடம்பெயர்ந்து ஓடும்போது போயிட்டுது. காரில் ஏறி ஏ40-இல் போகும்போது என் தலையில் ஓடினது அதுதான், இன்வொய்ஸோ வரிக் கணக்கோ இல்லை.

என்ன நடந்தது? சேர்வர் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, சமையலறைக்குப் பக்கத்து அலுமாரியில். சிஸ்டம் ஒரு டிஸ்கில், பூரோவின் டேட்டா இன்னொரு டிஸ்கில். ஒவ்வொரு இரவும் 2 மணிக்கு சேர்வர் தன்ர டேட்டா ஃபோல்டரை, கணக்குப் பார்க்கிற அக்காவின் வேர்க்ஸ்டேஷனில் இருந்த ஷேருக்கு ஆர்சிங்க் மூலம் அனுப்பும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேணும் என்று, சேர்வரில் இல்லாததை அங்கேயும் அழிக்கச் சொல்லும் டிலீட் ஆப்ஷனையும் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் வந்தது. சேர்வர் திரும்ப எழும்பிச்சு, ஆனால் டேட்டா டிஸ்கின் ஃபைல் சிஸ்டத்தில் பிழை இருந்ததால் அது மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் ஆகு என்று செட்டிங்கில் எழுதி வைத்த கெட்டிக்காரனும் நான்தான். டிஸ்க் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் கிடந்தது. 2 மணிக்கு ஆர்சிங்க் வந்து பார்த்தது: மூலத்தில் ஒன்றுமில்லை. நல்லது, அங்கேயும் ஒன்றும் இருக்கக்கூடாது. சொன்ன வேலையைச் சரியாச் செய்துபோட்டுப் போயிட்டுது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், மனம் பதறாமல் வாசிக்கலாம். டிஸ்க் சாகவில்லை. மவுண்ட் செய்யாமல் முதலில் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்கு அப்படியே பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஃபைல் சிஸ்டத்தைத் திருத்தினோம். பின்னேரம் 4 மணிக்கு எல்லாம் திரும்ப வந்தது. ஆனால் பேக்கப் என்று நான் பேர் வைத்திருந்த சாமான் அன்றைக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. டிஸ்க் உண்மையிலேயே செத்திருந்தால் கதை வேற.

இனி பாடம். முதல் கேள்வி பலர் கேட்கிறது: வேர்க்ஸ்டேஷனுக்கு பேக்கப் எடுக்கிறதே பிழையா? நாஸ் வாங்கவேணுமா, கிளவுட் வேணுமா? இல்லை. நல்ல டிஸ்க் உள்ள ஒரு வேர்க்ஸ்டேஷன் போதும். இதுக்கு உலகத்தில் பேர்போன சாட்சி பிக்ஸார். 1998-இல் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டு இருக்கும்போது யாரோ ஒருத்தர் படம் இருந்த சேர்வரில் அழிக்கிற கமாண்டை ஓட விட்டார். ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே பாத்திரங்கள் ஒவ்வொன்றா மறைஞ்சுது. பேக்கப்பைத் தேடினால், அது கொஞ்சக் காலமாகவே ஒழுங்கா ஓடவில்லை. படத்தைக் காப்பாற்றினது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை செய்ததால், அவரின் வீட்டு வேர்க்ஸ்டேஷனில் படத்தின் ஒரு பிரதி இருந்தது. அந்த மெஷினைக் கம்பளியில் சுற்றி, காரில் குழந்தையைக் கொண்டுபோற மாதிரிக் கொண்டுபோனார்கள்.

அந்தக் கதையை எல்லாரும் சிரிக்கச் சொல்லுவார்கள். நான் கவனிக்கிறது ஒரு சின்ன விஷயத்தை: சேர்வரில் ஓடின அழிக்கிற கமாண்ட் அந்த வீட்டு மெஷினை எட்டவில்லை. என் அமைப்பில் எட்டிச்சு. இரண்டுமே வேர்க்ஸ்டேஷன்தான், ஆனால் என்ர வேர்க்ஸ்டேஷனின் கழுத்தில் சேர்வரின் கை இருந்தது.

(ரெய்டு போட்டிருந்தால் தப்பியிருப்பீங்களே என்று ஒருத்தர் கேட்பார், எப்பவும் கேட்பார். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்கச் செய்யும். ஃபைல் சிஸ்டம் பிழையையும், டிலீட்டையும், வைரஸையும் அது இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் உண்மையாகப் பதியும்.)

அதால இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைக்கிறதெண்டால் இது: சேர்வர் பேக்கப்பைத் தள்ளக்கூடாது. வேர்க்ஸ்டேஷன் வந்து இழுக்கவேணும்.

தள்ளுற முறையில், சேர்வரிடம் வேர்க்ஸ்டேஷனில் எழுதவும் அழிக்கவும் திறப்பு இருக்கும். சேர்வருக்கு என்ன கெடுதி வந்தாலும் அதே திறப்பு அந்தக் கெடுதியின் கையில். நெட்வேர்க் டிரைவ் ஒன்றை மவுண்ட் செய்து வைத்திருக்கிறீங்கள் என்றால், ரான்சம்வேர் அதைத் தூர இடம் என்று நினைக்காது. அதுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். இழுக்கிற முறையில் வேர்க்ஸ்டேஷனிடம் சேர்வரை வாசிக்க மட்டும் திறப்பு. சேர்வரிடம் வேர்க்ஸ்டேஷனின் எந்தத் திறப்பும் இல்லை, வேர்க்ஸ்டேஷன் எந்த ஷேரையும் திறந்து வைக்கவும் இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் பிடிச்ச ஒரு தகவல். பூரோக்களில் நெட்வேர்க் டிரைவ் ஆக்கிற சம்பாவையும், பிரதி எடுக்கிற ஆர்சிங்கையும் தொடங்கினது ஒரே ஆள்: கான்பெராவிலிருந்த அண்ட்ரூ ட்ரிட்ஜெல். சம்பா 1990-களின் தொடக்கத்தில், ஆர்சிங்க் 1996-இல், போல் மக்கெராசுடன் சேர்ந்து. சம்பாவை வளர்த்ததில் எங்கட கோட்டிங்கன் நகரத்துக்கும் பெரிய பங்கு. அங்கே இருக்கிற செர்நெட் நிறுவனத்தின் ஆட்கள் கனகாலமா அந்தக் குழுவில். ஆர்சிங்க் கெட்டித்தனமா என்ன செய்யுது என்றால், ஒரு ஃபைலைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்க எண் கணக்குப் பார்க்கும், இரண்டு பக்கமும் எண் ஒத்துப்போற துண்டை அனுப்பாது. அந்தக் காலத்து மெதுவான லைன்களுக்காக யோசிச்சது. இன்றைக்கும் அதை வைத்து 380 ஜிகாபைட் பூரோ ஒன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பேக்கப் ஆகுது.

வாசிக்க மட்டும் திறப்பு என்று சொன்னேன். அதைச் செய்யிறது இப்படி. வேர்க்ஸ்டேஷனில் பேக்கப்புக்கு என்று தனி யூசர், அந்த யூசருக்கு ஒரு எஸ்எஸ்எச் சாவி. சேர்வரில் அந்தச் சாவியைப் பதியும்போது, அதோட கட்டாயக் கமாண்ட் ஒன்றையும் எழுதவேணும். ஆர்சிங்குடனேயே வாற ஆர்ஆர்சிங்க் என்ற சின்ன ஸ்கிரிப்ட் இருக்கு. அதை வாசிப்பு மட்டும் என்ற ஆப்ஷனுடன், டேட்டா ஃபோல்டரின் பாதையையும் குடுத்துப் போட்டால், அந்தச் சாவியால் சேர்வரில் லொகின் பண்ண முடியாது, வேற ஃபோல்டர் பார்க்க முடியாது, ஒரு எழுத்து எழுத முடியாது. யாராவது வேர்க்ஸ்டேஷனைப் பிடிச்சாலும் சேர்வரை அழிக்க ஏலாது. வாசிக்கலாம், அது வேற ஆபத்து, பிறகு வாறேன்.

இரண்டு மெஷினுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் வைக்காதீங்கள். விண்டோஸ் டொமேன் இருக்கிற பூரோவில் பேக்கப் மெஷினை டொமேனுக்குள் சேர்க்கவே வேண்டாம். இது மிகைப்படுத்தல் என்று நினைக்கிறவர்களுக்கு, அன்ஹால்ட்-பிற்றர்ஃபெல்ட். சாக்ஸன்-அன்ஹால்டில் இருக்கிற அந்த மாவட்ட நிர்வாகத்தை 2021 ஜூலையில் ரான்சம்வேர் தாக்கியது. ஜூலை 9 அன்று மாவட்டம் அனர்த்த நிலை அறிவித்தது. சைபர் தாக்குதலுக்காக ஜெர்மனியில் அப்படி அறிவிச்சது அதுதான் முதல் தடவை. அதை விலக்கினது அடுத்த வருஷம் ஜனவரி முடிவில். சமூக உதவிப் பணம் குடுக்கிறதுகூட முதலில் தடைப்பட்டது. இந்த மாதிரித் தாக்குதல்காரர்கள் பொதுவா ஒரு மெஷினால் நுழைஞ்சு, அட்மின் உரிமை எடுத்து, அந்த உரிமை எட்டுற எல்லாத்தையும் பூட்டுவார்கள். பேக்கப்பைத்தான் முதலில் தேடுவார்கள், அது உயிரோட இருந்தால் நீங்கள் காசு கட்டமாட்டீங்கள் என்று அவைக்குத் தெரியும்.

ஆனால் இழுக்கிறது மட்டும் காணாது. சேர்வரில் ஃபைலெல்லாம் பூட்டப்பட்ட பிறகு வேர்க்ஸ்டேஷன் வந்து, பூட்டின ஃபைலையே நல்லபிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டு போகும். நேற்றைய பிரதியின் மேல் எழுதினால் கதை முடிஞ்சுது. அதால ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபோல்டர் வேணும். 380 ஜிகாபைட்டை ஒவ்வொரு நாளும் வைக்க எங்கே இடம் என்று கேட்கிறீங்களா? இடம் தேவையில்லை, அதுதான் ஹார்ட் லிங்க்கின் அழகு.

ஃபைல் பேர் என்பது வீட்டு வாசலில் தொங்குற பேர்ப்பலகை. உள்ளே இருக்கிற டேட்டாதான் வீடு. ஒரு வீட்டுக்கு நாலு பலகை தொங்கலாம். ஒரு பலகையைக் கழட்டினால் வீடு இடியாது. கடைசிப் பலகையும் போனால்தான் இடம் காலியாகும். ஆர்சிங்கில் லிங்க்-டெஸ்ட் என்ற ஆப்ஷனுக்கு நேற்றைய ஃபோல்டரைக் காட்டினால், மாறாத ஃபைல்களுக்கு இன்றைய ஃபோல்டரில் புதுப் பலகை மட்டும் தொங்கவிடும், மாறினதை மட்டும் உண்மையா எழுதும். திறந்து பார்த்தால் ஒவ்வொரு நாளும் முழு பேக்கப். அந்த பூரோவில் ஒரு நாளைக்குப் புதுசா வாறது 1 ஜிகாபைட்டுக்குக் கிட்ட. 14 நாள், 8 வாரம், 12 மாதம் என்று 34 பிரதி வைத்தும், மொத்தம் 750 ஜிகாபைட்டைத் தாண்டாது. 4 டெராபைட் டிஸ்கில் ஒரு மூலை.

அதோட இலவசமா ஒரு எச்சரிக்கை மணியும் கிடைக்குது. ஒவ்வொரு நாளும் 1 ஜிகாபைட் வாற இடத்தில் ஒரு நாள் 200 ஜிகாபைட் வந்தால், யாரோ எல்லா ஃபைலையும் மாற்றியிருக்கினம். அது உங்கட ஆட்களா இருக்காது. பழைய பிரதிகளை அழிக்கிறதை அந்த இடத்திலேயே நிறுத்து என்று ஸ்கிரிப்டில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு பொறி இருக்கு. ஒன்று, பலகை எல்லாம் ஒரே வீட்டைக் காட்டுறதால், வேர்க்ஸ்டேஷனில் ஒருத்தர் பழைய பிரதிக்குள் போய் ஒரு ஃபைலைத் திறந்து திருத்தி அப்படியே சேவ் பண்ணினால், எல்லா நாளின் பிரதியிலும் அது மாறலாம். அதால பார்க்கிற ஆட்களுக்கு வாசிப்பு உரிமை மட்டும். இரண்டாவது, எக்ஸ்ஃபாட்டில் ஃபோர்மட் பண்ணின வெளி டிஸ்கில் ஹார்ட் லிங்க் இல்லை. இஎக்ஸ்டி4-இல் இருக்கு, என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கு.

ஹார்ட் லிங்க் பழைய முறை, போர்க் அல்லது ரெஸ்டிக் ஏன் இல்லை என்று கேட்பீங்கள். இரண்டும் நல்லது. டேட்டாவைத் துண்டாக்கி, ஒரே துண்டை இரண்டு தரம் வைக்காமல், குறியாக்கமும் செய்யும். தள்ளித்தான் ஆகவேணும் என்ற நிலையில், சேர்க்கலாம் ஆனால் அழிக்க ஏலாது என்ற முறையில் ஓடவிடவும் முடியும். முழுக்க விண்டோஸ் இருக்கிற இடத்தில் நான் இப்ப செய்யிறது: சேர்வரில் வாசிப்பு உரிமை மட்டும் உள்ள ஒரு எக்கவுண்ட், வேர்க்ஸ்டேஷனில் அந்த எக்கவுண்ட்டால் ரெஸ்டிக் வாசிச்சு உள்ளூர் டிஸ்கில் வைக்கும். ரோபோகொப்பியின் மிர் ஆப்ஷனை மட்டும் தொடாதீங்கள், என்ர ஞாயிற்றுக்கிழமைக் கதையின் விண்டோஸ் பதிப்பு அது. லினக்ஸ் பூரோவுக்கு நான் ஆர்சிங்கையே வைத்தேன், ஒரே காரணத்துக்காக. நான் லீவில் ஊருக்குப் போயிருந்தாலும், அக்கா ஃபோல்டரைத் திறந்து ஃபைலை இழுத்து எடுக்கலாம். கமாண்ட் தெரியத் தேவையில்லை.

இனி அமைப்பு. ஸ்கேனர் மேசையில் ஒரு பழைய வேர்க்ஸ்டேஷன் சும்மா கிடந்தது, ஸ்கேன் பண்ண மட்டும் பாவிக்கிறது. அதில் டெபியன் போட்டு, 4 டெராபைட் டிஸ்க் ஒன்று பூட்டினேன். ஸ்கேன் செய்யிற ஆளுக்கு ஒரு யூசர், பேக்கப்புக்கு வேற யூசர். முதல் பிரதி ஓட விட்டால் நொடிக்கு 11 மெகாபைட். 380 ஜிகாபைட்டுக்கு ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல். கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், அதேதான். அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் விளங்கினது: பழைய ஃபிரிட்ஸ்பொக்ஸ் மாடல்களில் லான் போர்ட்டுகள் கரண்ட் மிச்சம் பிடிக்க கிரீன் மோட் என்று 100 மெகாபிட்டில் நிற்கும். பவர் மோடுக்கு மாற்றினவுடன் 110 மெகாபைட். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டவே முடியவேண்டிய கணக்கு. சின்னச் சின்ன ஃபைல் கனக்க இருந்ததால் இரண்டு எடுத்தது. உங்கட வீட்டிலும் ஒருக்கா பாருங்கோ.

இரவு 2 மணி என்ற நேரத்தையும் கைவிட்டேன். காரணம் ஸ்டெக்கர்லைஸ்ட. ஜெர்மனியில் வளர்ந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் போகும்போது அண்ணை அந்தச் சிவப்பு சுவிட்சை அமத்தாமல் போகமாட்டார். கரண்ட்டே இல்லாத மெஷினை வேக்-ஓன்-லானால் எழுப்பேலாது. ஆட்களை மாற்றிறதை விட்டிட்டு நேரத்தை மாற்றினேன். இப்ப 12:30-க்கு, எல்லாரும் சாப்பிடும்போது ஓடும். சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்று போட்டால், அந்த நேரம் மெஷின் நின்றிருந்தாலும், பிறகு எழும்பினவுடன் தவறின ஓட்டத்தை ஓடும்.

மத்தியானத்தில் ஓடினால் ஃபைல்கள் திறந்திருக்குமே? வேர்ட் ஃபைல் என்றால் பெரிய சேதமில்லை, கடைசியா சேவ் பண்ணினது வரும். டேட்டாபேஸ் வேற விஷயம். ஓடிக்கொண்டு இருக்கிற மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஃபைல்களை அப்படியே பிரதி எடுத்தால், பாதி எழுதின வசனத்தைப் படம் பிடிச்ச மாதிரி. 12:15-க்கு சேர்வர் தானே ஒரு டம்ப் எடுத்து டேட்டா ஃபோல்டருக்குள் வைக்கும். 12:30-க்கு வேர்க்ஸ்டேஷன் அந்த டம்ப்பை இழுக்கும். டேட்டாபேஸின் நேரடி ஃபைல்களை நான் தொடுறதே இல்லை.

இழுக்கத் தொடங்க முன்னம் ஸ்கிரிப்ட் ஒரு விஷயம் பார்க்கும்: சேர்வரின் டேட்டா டிஸ்கில் "நான் இருக்கிறேன்" என்று பேர் வைத்த ஒரு வெறும் ஃபைல். அது தெரியாவிட்டால் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, வேலை அந்த இடத்திலேயே நிற்கும். ஒரு வெற்று ஃபைல். இரண்டு வருஷத்துக்கு முன்னம் அது இருந்திருந்தால் எனக்கு அந்த ஏ40 பயணம் இல்லை.

இப்ப வேர்க்ஸ்டேஷனின் மற்ற ஆபத்து. சேர்வர் பூட்டின அலுமாரியில், அதன் முழுப் பிரதியோ ஸ்கேனர் மேசைக்குக் கீழே, வாடிக்கையாளர் வந்து இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில். அகதி விண்ணப்பம், மருத்துவ அறிக்கை, யார் எங்கே இருக்கினம் என்ற விலாசம். அந்தப் பெட்டியை ஒருத்தன் தூக்கிக்கொண்டு போனால், தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி 72 மணித்தியாலத்துக்குள் மேற்பார்வை அலுவலகத்துக்கு அறிவிக்கவேணும், ஆட்களுக்கு ஆபத்து வராது என்று சொல்ல முடிஞ்சாலொழிய. குறியாக்கம் செய்த டிஸ்க் அந்தக் கேள்வியையே பெரும்பாலும் மாற்றிவிடும். லினக்ஸில் லக்ஸ், விண்டோஸில் பிட்லொக்கர். சாவி ஃபைலை அதே மெஷினில் வைத்து தானாத் திறக்கப் பண்ணாதீங்கள், வாசலைப் பூட்டித் திறப்பைக் கதவில் விட்ட மாதிரி. ஸ்கேன் செய்யிற பிள்ளை ஒவ்வொரு காலையும் பாஸ்வேர்டை அடிக்கும். ஸ்டெக்கர்லைஸ்ட இரவில் நிற்கிறதால் டிஸ்க் இரவெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். அண்ணையின் சிவப்பு சுவிட்சுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

பாஸ்வேர்ட் கடதாசியிலும் இருக்கவேணும். உறையில் ஒட்டி, அண்ணை வீட்டில் பாஸ்போர்ட் எல்லாம் வைக்கிற ஓர்ட்னரில் ஒன்று. எனக்கு விபத்து நடந்தால் பூரோ நிற்கக்கூடாது.

எவ்வளவு காலம் வைக்கிறது என்பதையும் ஸ்டொய்யர்பெராட்டருடன் கதையுங்கள். கணக்குப் பற்றுச்சீட்டுகளுக்கு 10 வருஷமாக இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் 8 வருஷம். வருடாந்தக் கணக்குகளுக்கு இன்னும் 10. அந்தக் கடமையை பேக்கப் நிறைவேற்றாது, அது தனி ஆர்க்கைவ் வேலை. மறுபக்கம், ஒரு வாடிக்கையாளர் தன்ர தகவலை அழிக்கச் சொல்லலாம். பேக்கப் என்றென்றைக்கும் இருந்தால் அந்த வாக்கைக் காப்பாற்ற ஏலாது. 12 மாதத்தில் நான் நிறுத்தினதுக்கு அதுவும் காரணம்.

அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவை ஆட்கள் குறியாக்கத்துக்காக மட்டும் மேற்கோள் காட்டுவினம். ஒரு தொழில்நுட்பச் சம்பவத்துக்குப் பிறகு தகவலை விரைவாகத் திரும்பக் கொண்டுவாற திறனும் அதில்தான் இருக்கு. அதாவது ரீஸ்டோர். இதில்தான் பெரிய ஆட்களும் விழுந்தவை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாபில் ஒரு இன்ஜினியர் களைச்ச நேரத்தில் பிழையான சேர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். அவையிடம் ஐந்து வித பேக்கப், பிரதி முறைகள் இருந்தன. ஒன்றும் எதிர்பார்த்த மாதிரி வேலை செய்யவில்லை. வழக்கமான டம்ப், வெர்ஷன் பொருந்தாமல் கனநாளாத் தோற்றுக்கொண்டு இருந்தது. தோற்றது என்று சொல்லுற மெயில்களை மெயில் சேர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. தற்செயலா ஆறு மணித்தியாலத்துக்கு முன்னம் ஒருத்தர் கையால் எடுத்த ஸ்னாப்ஷொட்தான் காப்பாற்றியது. நடந்ததை அவை ஒளிக்காமல் முழுக்க எழுதினவை, அதுக்கு என் மரியாதை.

அதிலிருந்து எடுத்தது: தோற்றால் மெயில் என்பது காணாது, மெயில் வராததை ஒருத்தரும் கவனிக்கமாட்டினம். ஸ்கேனர் மேசை ஸ்கிரீனில் காலையில் ஒரு வரி பெரிசா வரும்: கடைசி பேக்கப், எந்த நாள், எத்தனை மணி, எத்தனை புது ஃபைல். இரண்டு வேலைநாளுக்குமேல் பழசானால் பின்னணி சிவப்பு. அந்தப் பிள்ளை எனக்கு இதுவரை இரண்டு தரம் ஃபோன் பண்ணியிருக்கு. மாதத்துக்கு ஒருக்கா அக்கா ஒரு பழைய பேரைச் சொல்லுவா, அந்த ஃபைலை பேக்கப்பிலிருந்து எடுத்து அச்சடிக்கவேணும். நான் தெரிவு செய்யக்கூடாது, நான் தெரிவு செய்தால் இருக்கிறதைத்தான் தெரிவு செய்வேன்.

கடைசியா, எல்லாம் ஒரே கட்டடத்தில். அலுமாரிக்கும் ஸ்கேனர் மேசைக்கும் இடையில் எட்டு மீட்டர். 2009 மார்ச் 3 அன்று கொல்னில் செவரின்ஸ்ட்ராஸவில் நகர வரலாற்று ஆவணக் காப்பகம் நிலக்கீழ் ரயில் வேலை நடந்த இடத்தில் இடிந்து விழுந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள், ஆயிரம் வருஷத்துக் கடதாசி சேற்றுக்குள் போனது. அதில் ஒரு பகுதி மைக்ரோஃபில்மாக 300 கிலோமீட்டருக்கு அப்பால், ஃப்ரைபுர்க்குப் பக்கத்தில் ஓபெரீடில், பார்பராஸ்டொல்லன் என்ற பழைய சுரங்கத்தில் எஃகுப் பீப்பாய்களுக்குள் இருந்தது. ஜெர்மனி 1975-லிருந்து தன் ஆவணங்களின் படங்களை அங்கே கொண்டுபோய் வைக்குது. படம் ஒரிஜினல் ஆகாது, ஆனால் என்ன எழுதியிருந்தது என்று தெரியும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியும்போது எங்களிடம் அப்படி ஒரு சுரங்கம் இல்லை. உங்கட அப்பா அம்மாவிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டால், எத்தனை புத்தகம் என்பதை விட, ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகளைப் பற்றித்தான் கனநேரம் சொல்லுவினம்.

எங்கட சுரங்கம் ஒரு யூஎஸ்பி டிஸ்க். இரண்டு இருக்கு, இரண்டும் குறியாக்கம். வெள்ளிக்கிழமை வேர்க்ஸ்டேஷனில் ஒன்றைப் பூட்டினால் அந்த வாரப் பிரதி போகும், கழட்டி அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோவார், திங்கள் மற்றதைக் கொண்டுவருவார். வயர் இல்லாமல் அலுமாரியில் கிடக்கிற டிஸ்கை எந்த ரான்சம்வேரும் எட்டாது. மூன்று பிரதி, இரண்டு வித ஊடகம், ஒன்று வெளியே என்று பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பின 3-2-1 கணக்குக்கு இது கிட்ட வருது.

போன மாதப் பரிசோதனைக்கு அக்கா 2017-இல் செய்த ஒரு கல்யாணப் பதிவைக் கேட்டா. நாலு நிமிஷத்தில் அச்சில் வந்தது. ஸ்கேனில் மூலையில் ஈரம் பட்ட கறை அப்படியே இருந்தது. அக்கா கனநேரம் பார்த்திட்டு, "இவையின்ர பிள்ளை இப்ப அபிட்டூர் எழுதுது" என்றா.

முழு சேர்வரையும் வெறும் மெஷின் ஒன்றில் திரும்ப ஏற்றுற பரிசோதனை வருஷத்துக்கு ஒருக்கா, நத்தார் லீவுக்கு முன்னம். போன முறை 3 மணித்தியாலம் 20 நிமிஷம் எடுத்தது, அதில் ஒரு மணித்தியாலம் பிரிண்டருக்குப் போனது. உங்கட இடத்தில் பேக்கப் எந்தத் திசையில் போகுது, தள்ளுதா இழுக்குதா என்று பார்த்து, இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோடில் எடுத்துக் கதைக்கிறம்.